சரிவில் பேவர் பிளாக்: கீழிருந்து பதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் குடியிருப்புத் தெருக்களுக்குப் பேவர் பிளாக் பதிப்பது இப்போது பரவலாகிவிட்டது. நல்ல விஷயம்தான். குடிநீர்க் குழாய் உடைந்தால் கல்லைப் பெயர்த்து வேலையை முடித்துவிட்டு, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். ஆனால் சமவெளியில் பதிக்கிற மாதிரியே மலைத் தெருவிலும் பதித்துவிட்டுப் போகிறார்கள். கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை.

கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில் பாதையின் அதிகபட்ச ஏற்றமே 12 அடிக்கு 1 அடிதான். அதற்கே பல்சக்கரம் தேவைப்படுகிறது. எங்கள் தெரு அதைவிடச் செங்குத்து. இறங்கும் வண்டி பிரேக் பிடித்தால் கல்லைக் கீழ்ப்பக்கம் தள்ளும். ஏறும் வண்டியின் சக்கரமும் கல்லைக் கீழ்ப்பக்கம்தான் உதைக்கும். இரண்டும் சேர்ந்து தள்ளியதில், தெருவின் மேல்முனையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இப்போது விரல் நுழைகிறது. கீழ்முனையில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஓரம் சிதறிக் கிடக்கின்றன. மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. முதலில் கீழ்முனையில் தெருவின் குறுக்கே கான்கிரீட் பீம் போட வேண்டும். அது இறுகிய பிறகு அங்கிருந்து மேல்நோக்கிக் கல் பதித்துக்கொண்டு போக வேண்டும். நீளமான சரிவு என்றால் நடுவிலும் குறுக்கு பீம்கள் வேண்டும். கல்லை நேர் வரிசையாக அடுக்காமல், மீன்முள் மாதிரி மாற்றி மாற்றிப் பதித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வண்டி போகும் தெருவுக்கு 60 மி.மீ. கல்லைவிட 80 மி.மீ. கல் நல்லது.

பலரும் கோட்டை விடுவது தண்ணீரில்தான். இடுக்கு வழியே இறங்கும் மழைநீர், கல்லுக்கு அடியில் மணலோடு மணலாகச் சரிவில் ஓடி, பீமில் முட்டி நிற்கும். அது வெளியேற வழி இல்லையென்றால் மணல் சேறாகி, பீமுக்கு மேல்பக்கக் கற்கள் அமுங்கிவிடும். அதனால் பீமின் மேல்பக்கம், ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி) சுற்றிய துளைக்குழாய் ஒன்றைப் பதித்து, பக்கத்துச் சாக்கடையில் விட வேண்டும். அப்புறம், மேடு பள்ளத்தை மணலைக் கொட்டிச் சரிக்கட்டக் கூடாது. அதை மணலுக்கு அடியில் இருக்கும் ஜல்லித் தளத்திலேயே சரிசெய்துவிட வேண்டும். மணல் எல்லா இடத்திலும் ஒரே சீராக 2 முதல் 4 செ.மீ. இருந்தால் போதும்.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் இந்த வகைத் தளங்களுக்கென்றே எஸ்.பி. 63 என்ற வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் எஸ்டிமேட்டில் பீமும் குழாயும் இல்லாவிட்டால், மேஸ்திரி தன் கைக்காசைப் போட்டா செய்வார்? ஆகவே மலைத் தெருக்களுக்குத் தனி எஸ்டிமேட் போட வேண்டும். பீமையும் குழாயையும் பொறியாளர் நேரில் பார்த்து, செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகே கல் பதிக்க அனுமதிக்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்