துணைத்தலைவர் வேண்டாம், செயலாளராக நில்

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்தது அதைவிடச் சந்தோஷம். இங்கே மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காலையில் செய்தித்தாள் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகிறது. பையன் புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுப் போகிறானே என்று எனக்குத் திருப்தி.

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் சங்கத்தில் தேர்தல் வருகிறது, துணைத்தலைவராக இருங்கள் என்று உன்னைக் கேட்கிறார்கள், "வேலை ஒன்றும் இருக்காது மேடம், பேர் மட்டும் போட்டுக்கறோம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேலை இல்லாத பதவி உனக்கு எதற்கு? செயலாளராக நில். இதை யோசிக்காமல் எழுதவில்லை. இரண்டு நாள் மனதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கல்லூரியில் இயற்பியல் துறையில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். நூலகர் ஒரே ஒருவர்தான். நூலக வேலைக்கான கோஹா மென்பொருளைப் புதுப்பித்ததும் பழைய உறுப்பினர் பதிவுகள் காணாமல் போனால் யாரைக் கேட்பது? மின்னூல்களும் மின்னிதழ்களும் படிக்கக் கிடைக்கும் என்-லிஸ்ட்டில் மாணவர்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தும் யாரும் பயன்படுத்தவில்லையே என்று, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு கேட்டால் என்ன பதில் சொல்வது? முதல்வருக்கு இந்த வேலை தெரியாது, அலுவலகத்துக்கும் தெரியாது. நம் தொழிலில் நமக்குச் சக ஊழியர் என்று இருப்பது பக்கத்துக் கல்லூரி நூலகர்தான், அவரைப் பார்க்கிற ஒரே இடம் சங்கம்தான். அதனால் அது நன்றாக நடந்தாக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு பிடிவாதம்.

போன வருஷம் இங்கே எங்கள் நூலகர்கள் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன ஒரு பெண், தனியார் கல்லூரி. இருப்புச் சரிபார்ப்பில் புத்தகங்கள் சில குறைந்தன. அவள் சம்பளத்தில் பிடிப்போம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அழுதுகொண்டே கூட்டத்துக்கு வந்தாள். புதுச்சேரியிலிருந்து வரும் மூத்த நூலகர் ஒருவர், மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஓராண்டில் வாசகருக்கு வழங்கும் 1000 புத்தகத்துக்கு 5 வரை தொலைவது இயல்பான இழப்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை ஏற்கலாம் என்கிறது அது. 1000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். தனியார் கல்லூரியை அந்த விதி கட்டுப்படுத்தாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நாட்டில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது என்று சங்கத்தின் கடிதத் தாளில் எழுதிக் கொடுத்தோம். நிர்வாகம் பிடித்தத்தைக் கைவிட்டது. அந்தப் பெண் தனியாகப் போய்ப் பேசியிருந்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கடிதத்தை அன்று இரவே தட்டச்சு செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் காலையில் பதிவுத்தபாலில் அனுப்பியது எங்கள் செயலாளர். துணைத்தலைவருக்கு அதில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

நாம் சிதம்பரத்தில் படித்தபோது, நம் ஆசிரியர் ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகளை நடத்தும்போது, "இவை முதலில் ஒலித்தது இந்த மண்ணில்தான்" என்று பெருமையோடு சொல்வாரே, நினைவிருக்கிறதா? அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பு, 1928 டிசம்பரில், மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில் ரங்கநாதன் பேசியது. அன்றைக்கு நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். இப்போது எனக்கு அந்த ஆண்டின் இன்னொரு செய்திதான் பெரிதாகத் தெரிகிறது. அதே 1928-இல்தான் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது, அவர் அதன் செயலாளர். சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலை ஒன்றே ஒரு மனிதருக்குப் போதும். அதற்கு மேல் இதையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். 1929-இல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது சங்கம்தான். 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. நம் மாநிலத்தில் இந்தப் படிப்பு வேர்விட்டது அங்கேதான். ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் சங்கமே. உன் ஊர்ப் பக்கம், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், 1931 அக்டோபரில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினாரே, அதைத் தொடங்கிவைத்ததும் ரங்கநாதன்தான்.

நூலகச் சட்டம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. முப்பதுகளில் ஒரு மசோதா சட்டசபை வரை போய் நின்றுபோனது. 1945-இல் ரங்கநாதன் சென்னையை விட்டுக் காசிக்குப் போய்விட்டார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல்தான் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சங்கம் தொடங்கி 20 ஆண்டு! இன்றைக்குச் சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி அதிலிருந்து வந்தது. இடையில் எத்தனை கூட்டம், எத்தனை மனு, எத்தனை தீர்மானம் என்று நினைத்துப் பார்க்கிறேன். யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார்.

உனக்கு நேரம் இல்லை என்பதைவிட, ஆண்களே நிறைந்த செயற்குழுவில் போய் என்ன பேசுவது என்பதுதான் தயக்கம் என்று உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் புரிந்தது. அது நியாயமான தயக்கம். பெண்கள் என்றால் குத்துவிளக்கு ஏற்றவும் வரவேற்புரை சொல்லவும் கூப்பிடும் வழக்கம் இங்கேயும் இருந்தது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று வைத்தால் விருத்தாசலத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் ஒரு பெண்ணும் வர முடியாது. நான் செயற்குழுவுக்குள் போனதும் முதலில் கேட்டது அதைத்தான். இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணி என்று மாற்றினோம், ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டோம். அதற்குப் பிறகு அறையில் பாதிக்குப் பாதி பெண்கள். கூட்ட நேரத்தை முடிவு செய்வது செயலாளர் என்பதை மறந்துவிடாதே.

தலைவர் பதவிக்குப் போட்டி எப்போதும் இருக்கும். மேடை இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது, அழைப்பிதழில் பெயர் இருக்கிறது. மினிட்ஸ் எழுத ஆள் கிடைக்க மாட்டார்கள். நீ அதை எழுது. என்ன முடிவானது, யார் செய்வதாக ஒப்புக்கொண்டார், எந்தத் தேதிக்குள், இந்த மூன்றும் வந்தால் போதும், யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பது தேவையில்லை. மூன்றாம் நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடு. அடுத்த கூட்டத்தில் ஒருவரும் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று எழுந்திருக்க மாட்டார். கணக்குப் பக்கம் பொருளாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறதா, சந்தா ரசீதும் வவுச்சரும் கோப்பில் இருக்கின்றனவா, ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழுவில் வைத்தார்களா என்று சேர்ந்த முதல் மாதமே பார். புது நிர்வாகிகள் பட்டியலை 7-ஆம் எண் படிவத்தில் மாவட்டப் பதிவாளருக்கு அனுப்புவதும் உன் வேலைதான். பல சங்கங்கள் இதில்தான் சிக்கிக்கொண்டு, உயிரோடு இருந்தும் காகிதத்தில் இல்லாமல் போகின்றன.

இதெல்லாம் படித்து மலைக்க வேண்டாம். எல்லாவற்றையும் நீயே செய்யாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது, அதை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது உனக்குத் தெரியும். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தது. சில கல்லூரிகளில் தரைத்தளத்து நூலகத்தின் கீழ்த்தட்டுகள் இரண்டு நாள் தண்ணீரில் நின்றன. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நனைந்த புத்தகங்களை ஒரு கல்லூரியில் வெயிலில் பரப்பி வைத்தார்கள், அட்டையெல்லாம் வளைந்துபோயிற்று. வழவழப்பான தாளில் அச்சான மருத்துவ, கலைப் புத்தகங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கல்லாகிவிட்டன.

அதற்கு அடுத்த கூட்டத்தில் ஒரு துணைக்குழு போட்டோம். அதில் செயற்குழு ஆட்கள் யாரும் இல்லை. சின்ன வயசு நூலகர்கள் நான்கு பேர், அதோடு நூலக உதவியாளர் ஒருவர். உதவியாளருக்கு எங்கள் துணைவிதிகளின்படி வாக்குரிமை கிடையாது, ஆனால் புத்தகம் கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். (அந்த விதியையும் மாற்றியாக வேண்டும், அது வேறு கதை.) மூன்று மாதத்தில் ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்க வேண்டும். புத்தகங்களை எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டின் பிரதி மாடியில் ஒன்று, கல்லூரிக்கு வெளியே ஒன்று. நனைந்த புத்தகத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், அதனால் முதல் நாளே வேலையைத் தொடங்க வேண்டும். நிற்கவைத்து, மின்விசிறிக் காற்றில், இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, தாள் நனைந்ததும் மாற்றிக்கொண்டே உலர்த்த வேண்டும். அச்சடித்த செய்தித்தாளைச் செருகினால் மை ஒட்டும். அத்தனையையும் இரண்டு நாளில் உலர்த்த முடியாது என்றால், மிச்சத்தை உறையவைத்துவிட்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் உதவியாளர்தான் சொன்னார், "முதுநகரில் மீனை உறையவைக்கிற கிடங்கு இருக்கே, கேட்டுப் பார்க்கலாமே" என்று. அவசரத்துக்கு இடம் தருவார்களா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நான்கு பேரில் ஒருத்தி, சம்பளப் பிடித்தம் என்று அழுதுகொண்டு வந்த பெண். இன்று புதுச்சேரிக் கல்லூரிகளுக்குப் போய் இந்தக் குறிப்பை விளக்கிப் பேசுகிறாள். அடுத்த தேர்தலில் அவளைச் செயலாளராக முன்மொழிய வேண்டும் என்று எனக்கு ஆசை, அவளிடமும் சொல்லிவிட்டேன். யாரையும் திடீரென்று பதவியில் உட்காரவைக்க முடியாது. ஒரு சின்ன வேலையை முழுசாக ஒப்படைத்து, நடுவில் கை நீட்டாமல் இருந்தால் ஆள் தானாகத் தெரிந்துவிடும். தஞ்சாவூரிலும் அப்படி நான்கு பேர் இருப்பார்கள். காவிரிக் கரையில் உங்களுக்கும் வெள்ளம் புதிதில்லையே.

இன்னொன்று. சேரும்போதே விலகும் நாளையும் சொல்லிவிடு. சங்கங்கள் பதிவுச் சட்டப்படியே நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, ஆனால் திரும்பத் திரும்ப அதே ஆட்களைத் தேர்ந்தெடுக்கத் தடை இல்லை. அதனால் சில சங்கங்களில் ஒருவரே ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கிறார். அவர் நல்லவராகவே இருந்தாலும், அவருக்குப் பிறகு கோப்பு எங்கே என்று கேட்க ஆள் இருக்காது. "ஒரே ஒரு முறை, மூன்று ஆண்டு, அதற்குள் இரண்டு பேரைத் தயார் செய்வேன்" என்று மனுத்தாக்கல் அன்றே பொதுக்குழுவில் சொல். அண்ணனுக்கும் அது ஆறுதலாக இருக்கும். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து சங்க வேலை செய்கிறாயே என்று அவர் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தேதி வேண்டும் அல்லவா?

எங்கள் சங்கத்தின் மினிட்ஸ் மாதிரி, சந்தா ரசீதுப் படிவம், ஆண்டறிக்கை, வெள்ளக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி நாளைக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். துணைவிதிகளில் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கும் இடங்களை முதலில் படி. மனுவுக்குக் கடைசி நாள் இருபதாம் தேதி என்று எழுதியிருக்கிறாய். முன்மொழிய உன் பழைய முதுநிலை நூலகரைக் கேள், மறுக்க மாட்டார். வழிமொழிய ஓர் இளையவரைப் பிடி. துணைத்தலைவர் விஷயமாக வந்தவர்களுக்கு நாளைக்கே பதில் சொல்லிவிடு, தள்ளிப்போட்டால் அழைப்பிதழ் அச்சடித்துவிடுவார்கள். மனு கொடுத்த அன்று இரவு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் தோழி