‘என்சைம் முறை’ என்ற லேபிளும் கூடுதல் விலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதச் சரக்குப் பட்டியலில் சில பொருள்களுக்கு எதிரே ‘என்சைம் முறை’ என்று குறித்திருக்கிறோம். பட்டியல் வெளியே போனதிலிருந்து போன் ஓயவில்லை. க்ரீமும் லிப் பாமும் செய்பவர்கள், “அப்படியென்றால் இது கெமிக்கல் இல்லைதானே?” என்கிறார்கள். பேக்கரிக்காரர்கள், “இது சைவமா?” என்கிறார்கள். விலை ஏன் கூட என்று எல்லாருமே கேட்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறோம்.

என்சைமில் செய்தாலும் கெமிக்கல் கெமிக்கல்தான். என்சைம், அதாவது நொதி, ஒரு புரதம். ஒரு குறிப்பிட்ட வேதிமாற்றத்தை மட்டும் முடுக்கிவிடும், அந்த வேலையில் தான் செலவாகாது. ஆகவே மாறுவது செய்முறை. சில பொருள்களில் அந்தச் செய்முறைக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம், சிலவற்றில் வீண். பொருள் பொருளாகப் பார்த்தால்தான் இது விளங்கும்.

லிப் பாமுக்கு நீங்கள் வாங்கும் சீட்டைல் ரிசினோலியேட்டை எடுத்துக்கொள்வோம். ஆமணக்கெண்ணெயிலிருந்து வரும் ரிசினோலிக் அமிலத்தையும் சீட்டைல் ஆல்கஹாலையும் இணைத்தால் கிடைப்பது இது. பழைய முறையில் அமிலம் போன்ற ஒரு வினையூக்கியைப் போட்டு 160 டிகிரிக்கும் மேலே சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் நிறம் ஏறும், வாடை வரும். பிறகு அதை வெளுக்க வேண்டும், நீராவி விட்டு வாடையை எடுக்க வேண்டும். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரிசினோலிக் அமிலத்தின் உடம்பிலேயே ஆல்கஹால் போல நடந்துகொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. கடும் சூட்டில் அமில மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே பிணைந்துகொண்டு வேண்டாத பொருளாகிவிடும்.

என்சைம் முறையில் இதே வேலை 60, 70 டிகிரியில் நடக்கிறது. பயன்படுவது லிப்பேஸ் என்ற கொழுப்பு நொதி. சிறு பிசின் மணிகளில் அதை ஒட்டவைத்து எண்ணெய்க் கலவைக்குள் விடுகிறார்கள். ஊறிவரும் தண்ணீரை வெற்றிடத்தில் இழுத்துவிட்டால் வினை முடிவுவரை போகும். அப்புறம் மணிகளை வடிகட்டி எடுத்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். நொதி விலை அதிகம் என்பதால், அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். ஜெர்மனியின் எவோனிக் நிறுவனம் இந்த வகை எஸ்டர்களை (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த பொருள்களை) இப்படித் தயாரிக்கிறது. இந்த வேலைக்குப் பெயர்போன லிப்பேஸ், அண்டார்க்டிகாவின் வாண்டா ஏரிப் படிவில் கண்டெடுத்த ஒரு ஈஸ்ட்டினுடையது. பனிக்கண்டத்தில் பிறந்த நொதி 60 டிகிரியில் அசராமல் உழைப்பது எங்களுக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சரி, இதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? வாசனை சேர்க்காத லிப் பாம், குழந்தைகளுக்கான க்ரீம் என்றால் கொடுக்கலாம், ஏனென்றால் வாடை மூக்குக்குப் பக்கத்திலேயே நிற்கும். தாழம்பூ வாசனையைத் தாராளமாக ஊற்றப் போகிறீர்கள் என்றால், நன்றாகச் சுத்தம் செய்த பழைய வகையே போதும். தோலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்சைம் இல்லாமல் இந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காத பொருள்கள் சில உண்டு. அஸ்கார்பில் குளுக்கோசைடு, அதாவது குளுக்கோஸ் மாட்டிய வைட்டமின் சி, அப்படிப்பட்டது. வெறும் வைட்டமின் சி பொடியைத் தண்ணீரில் கரைத்து சீரம் செய்தவர்களுக்கு, அது எவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகிப் பழுப்பாகும் என்பது தெரியும். காற்று பட்டுக் கெடுகிற இடத்தை மூடினால் அது நிற்கும். ஆனால் வைட்டமின் சி மூலக்கூறில் ஒரே மாதிரியான பிடிகள் நான்கு இருக்கின்றன. சாதாரண வேதிமுறைக்கு அதில் ஒன்றை மட்டும் பிடிப்பது பெரும்பாடு. ஜப்பானின் ஒகயாமாவில் இருந்த ஹயாஷிபாரா நிறுவனம் இதற்கு ஒரு மாவுச்சத்து நொதியைப் பயன்படுத்தியது. அந்த நொதி, மாவுச்சத்திலிருந்து குளுக்கோஸை எடுத்து, வைட்டமின் சியின் இரண்டாம் இடத்தில் கொண்டுபோய் மாட்டுகிறது. சில மூலக்கூறுகளில் குளுக்கோஸ் வால் நீளமாகிவிடும். இன்னொரு நொதி அதை நறுக்கி ஒன்றே ஒன்றை மிச்சம் வைக்கும். அதன்பின் சீரம் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்கும். தோலில் பூசியதும் தோலிலுள்ள நொதியே அந்தக் குளுக்கோஸை மெல்ல மெல்லக் கழற்றி வைட்டமின் சியை விடுவிக்கிறது. மெல்லத்தான் விடுவிக்கும். ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகும் என்று உங்கள் பாட்டிலில் எழுதாதீர்கள். கலவை ஆறியபின் சேருங்கள், பிஎச் 6-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நிறுவனம்தான் 1990-களின் நடுவில் டிரெஹலோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரையை மலிவாக்கியது. அதுவரை ஈஸ்ட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்ததால் அது ஆராய்ச்சிக்கூடச் சரக்காகவே இருந்தது. மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் இரண்டு நொதிகளைக்கொண்டு மாவுச்சத்திலிருந்தே செய்ய முடிந்ததும், விலை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சரிந்தது. பேக்கரிக்காரர்களுக்கு இது உதவும். கேக்கும் அரிசி மாவுப் பண்டங்களும் இறுகுவது தள்ளிப்போகும், சூட்டில் பழுப்பேறாது, இனிப்பு சாதாரணச் சர்க்கரையில் பாதிகூட இருக்காது. க்ரீம் செய்பவர்கள் ஈரப்பதம் காக்க இதையே வாங்குகிறார்கள். ஆனால் ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்க வேண்டாம். குடலில் இது உடைந்து முழுக்க முழுக்கக் குளுக்கோஸாகத்தான் ஆகிறது.

லிக்விட் குளுக்கோஸுக்கு நேர்மாறான பதில். மரவள்ளி மாவானாலும் சோள மாவானாலும், பெரிய ஆலைகளில் இப்போது என்சைம் முறைதான் வழக்கம். 1811-இல் கிர்ஹோஃப் என்பவர் ரஷ்யாவில் மாவுச்சத்தைக் கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சர்க்கரையாக்கிக் காட்டினார். அந்த அமில முறை நூறாண்டுக்கு மேல் ஓடியது. பிறகு 100 டிகிரி தாண்டியும் சாகாத அமிலேஸ் நொதிகள், அதாவது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள், வந்தன. கசப்பு குறைந்தது, எந்த அளவு குளுக்கோஸ், எந்த அளவு மால்டோஸ் வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடிந்தது. ஆகவே லிக்விட் குளுக்கோஸ் டின்னில் ‘என்சைம்’ என்று பெரிதாக எழுதி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். நாங்களும் கேட்க மாட்டோம்.

சாக்லேட் செய்பவர்களுக்காக இன்வர்டேஸ் புதிதாக வந்திருக்கிறது. இது ஈஸ்ட்டிலிருந்து கிடைப்பது. சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கும். சர்க்கரைப் பாகு பூக்காமல் இருக்க நம் வீடுகளில் எலுமிச்சைச் சாறு பிழிவதும் இதே பிரிப்புக்குத்தான். அங்கே அமிலமும் சூடும் செய்வதை இங்கே நொதி சூடில்லாமல் செய்கிறது. கெட்டியான ஃபாண்டன்ட்டில் (சர்க்கரைப் பசையில்) சில துளி கலந்து, உருட்டி, மேலே சாக்லேட் பூசி வைத்துவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் உள்ளே தேன் பதத்துக்கு இளகிவிடும். திரவத்தைச் சாக்லேட்டுக்குள் அடைத்தது எப்படி என்று சாப்பிடுபவர் யோசிப்பார். ஃபாண்டன்ட் நன்றாக ஆறிய பிறகே இன்வர்டேஸைச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் நொதி செத்துவிடும், பணமும் போய்விடும்.

சைவமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. நொதி பூஞ்சை, பாக்டீரியா, செடி, விலங்கு என எதிலிருந்தும் வரலாம். பெப்சின் பெரும்பாலும் பன்றி வயிற்றிலிருந்து வருகிறது. சீஸ் உறையவைக்கும் ரென்னெட் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1990-இல் அமெரிக்கா நுண்ணுயிரில் வளர்த்த கைமோசினுக்கு (ரென்னெட்டில் பாலை உறையவைக்கும் நொதிக்கு) அனுமதி கொடுத்தபின் நிலைமை பெரிதும் மாறியது. அதில் கன்றின் மரபணுப் பிரதியை நுண்ணுயிருக்குள் வைத்து நொதியை வளர்க்கிறார்கள், கன்று தேவையில்லை. இது சிலருக்குச் சம்மதம், சிலருக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் நொதியின் மூலம் எது என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்கி வைக்கிறோம். சைவமோ ஹலாலோ, கேட்டால் அந்தத் தாளின் நகல் தருவோம்.

கடைசியாகப் பப்பெயின். மேலே சொன்ன எஸ்டரிலும் வைட்டமின் சியிலும் வேலை முடிந்ததும் நொதி வெளியே போய்விடுகிறது. பப்பெயின் பாக்கெட்டில் நீங்கள் வாங்குவதே நொதியைத்தான், அதுவும் உயிர்ப்போடு. பப்பாளிக் காயை மரத்திலேயே காலை வேளையில் லேசாகக் கீறி, வடியும் பாலைச் சேகரித்துக் குறைந்த சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது இது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இந்தப் பாலுக்குப் பெயர்போனவை. கீறிய காயும் வீணாவதில்லை, டூட்டி ஃப்ரூட்டியாகி உங்கள் பன்னுக்குள்ளேயே வந்து சேருகிறது.

பப்பெயின் புரதத்தை வெட்டும். தோலின் மேலிருக்கும் செத்த செல்லும் புரதம், உங்கள் மூச்சுக்குழலும் புரதம். பொடியை எடைபோடும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். நொதித் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்கள் தொடவே வேண்டாம். முகப்பூச்சுப் பொடியில் உலர்வாகக் கலந்து, பூசும் நேரத்தில் தண்ணீர் விடச் சொல்லுங்கள். தண்ணீருள்ள க்ரீமில் போட்டு அலமாரியில் வைத்தால் வலு போய்விடும். அதே க்ரீமில் பட்டுப் புரதமோ கோதுமைப் புரதமோ இருந்தால் அதையும் தின்றுவிடும். காயம்பட்ட தோலிலும் கண்ணுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

ஆர்டர் போடும்போது ‘பழைய வகை’, ‘என்சைம் வகை’ என்று குறிப்பிடுங்கள். எதுவும் எழுதாவிட்டால் விலை குறைந்ததையே அனுப்புவோம். இன்வர்டேஸும் பப்பெயினும் கோடை முடியும்வரை ஐஸ் பேக் வைத்துத்தான் பார்சலாகும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்