‘நீர்’ பாடத்தை ஐப்பசிக்கு மாற்றுங்கள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் அறிவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இங்கே மாறுதலாகி வருவதற்கு முன் தருமபுரிப் பக்கம் ஆறு ஆண்டுகள் இருந்தேன். இரண்டுமே தண்ணீருக்குப் பேர்போன மாவட்டங்கள். எந்த வகையில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்க வந்தது இரண்டுதான். ஆறாம் வகுப்பு அறிவியலில் மூன்றாம் பருவத்தில் இருக்கும் ‘நீர்’ பாடத்தை இரண்டாம் பருவத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பாடத்தின் கடைசியில் நான்கு பக்கங்களை ஒன்றும் அச்சிடாமல் வெறுமனே விடுங்கள்.

முதலாவதற்குக் காரணம் எளிது. மூன்றாம் பருவம் சனவரியில் தொடங்குகிறது. நான் அந்தப் பாடத்தைத் தொடும்போது எங்கள் கண்மாயில் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கியிருக்கும். உள்வாயில் ஆடு மேயும். ஆவியாதல், குளிர்தல், பொழிதல் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அது அத்தனையும் சன்னலுக்கு வெளியே நடந்து முடிந்திருக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. எங்கள் மாவட்டத்தில் பாதிக்கும் மேல். ஐப்பசியில் அடைமழை என்று ஊரே சொல்லும்போது நாங்கள் வகுப்பில் வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கிறோம். மழைக்காலத்தில் விடுமுறை விட்டுவிடுவார்களே என்பீர்கள். விடட்டும். மீதி நாட்களே போதும்.

மூன்று ஆண்டுகளாக நானாகவே பாடத்தை முன்னால் இழுத்து நடத்திப் பார்க்கிறேன். (மேலதிகாரி யாராவது இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து மழைமானி செய்தோம். முதல் வாரம் எல்லா அளவும் தப்பு. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அளவுகோல் பொய் சொல்லியது. அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது சமமாக நிற்கும் இடத்தைச் சுழியம் என்று குறித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்தவன் கணக்கில் பின்தங்கியவன் என்று நான் நினைத்திருந்த பையன். பிறகு ஒருநாள் எங்கள் பாட்டில் 42 மில்லிமீட்டர் காட்டியது. பக்கத்து ஊரில் 61 என்று மறுநாள் செய்தித்தாளில் வந்தது. “எது டீச்சர் சரி?” என்றார்கள். இரண்டும் சரி. ஒரே மழை பத்துக் கிலோமீட்டருக்குள் இப்படி மாறும் என்பதை எந்த வரைபடத்தை வைத்து நான் சொல்லியிருக்க முடியும்?

வரைபடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு நீர்ச் சுழற்சிப் படம் தொங்குகிறது. உச்சியில் பனி மூடிய மலை, அங்கிருந்து இறங்கும் ஆறு, முடிவில் கடல். எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் தெரியும். மலையே தெரியாது, பனி எங்கிருந்து தெரியும்? போன ஆண்டு ஒரு பெண் கேட்டாள்: “நம்ம வைகை கண்மாய்லதான டீச்சர் போய் முடியுது?” அவள் சொன்னது உண்மை. வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. அது நிறைந்து மிஞ்சினால்தான் கடலுக்கு. வழியெல்லாம் கால்வாய் வெட்டி, ஒரு கண்மாயில் மிஞ்சிய நீர் வெளியேறும் மறுகாலை அடுத்த கண்மாயின் வரத்துக்காலாக்கி, ஆற்றையே ஊர் ஊராகப் பங்கு வைத்த நிலம் இது. அதுமட்டுமா? அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்று நீர், 1895-இல் அணை கட்டி முடிந்த நாளிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைக்கு வருகிறது. அந்தச் சுவர்ப் படத்தில் சுரங்கமும் இல்லை, கண்மாயும் இல்லை, மனிதனும் இல்லை. மழை பெய்கிறது, கடலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இனி நான்கு வெற்றுப் பக்கங்களுக்கு வருகிறேன்.

பல் துலக்கும்போது குழாயை மூடி வையுங்கள் என்று ஒருமுறை வகுப்பில் சொன்னேன். நானும் பள்ளியில் படித்ததுதான் அது. பின்வரிசையில் ஒரு சிரிப்பு. “குழா தெருவுலதான இருக்கு. அதும் மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வரும்.” சொன்னவள் அன்று காலை தள்ளுவண்டியில் ஆறு குடம் தண்ணீர் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டு, அரைமணி தாமதமாக வகுப்புக்கு வந்தவள். தாமதத்துக்காக அவளை நான் கண்டித்தும் இருந்தேன். சிக்கனத்தை அவளுக்கு நான் கற்றுக்கொடுப்பதா?

அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டோம். 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வரையறுக்கிறது. எங்கள் பிளாஸ்டிக் குடத்தை அளந்தோம்: 14 லிட்டர். ஆளுக்கு நான்கு குடம், ஐந்து பேர் வீட்டுக்கு இருபது. அவரவர் வீட்டில் எத்தனை என்று மறுநாள் எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்த எண்களை இங்கே போடவில்லை. அது அவர்கள் வீட்டுச் சங்கதி. பக்கத்தில் ‘யார் தூக்குவது’ என்று ஒரு கட்டமும் போட்டிருந்தோம். அதில் அப்பா என்றோ அண்ணன் என்றோ எழுதியவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அந்தத் தெருக்குழாயில் வருவது திருச்சிப் பக்கமிருந்து குழாய் வழியாக வரும் காவிரித் தண்ணீர் என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

தருமபுரியில் கதையே வேறு. அங்கே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், ருசியும் இருக்கும். பிள்ளைகள் சிரிக்கும்போது மட்டும் வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். பல்லில் பழுப்புக் கறை. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃப்ளோரைடின் வேலை அது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தரநிர்ணயம். நான் புதிதாகப் போன ஆண்டில், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நல்ல பிள்ளையாகப் பாடம் நடத்தினேன். கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இது எனக்கு அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த ஃப்ளோரைடுக்காகத்தான் வந்தது என்பதுகூட அங்கிருந்த மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் விளங்கியது. ஒரே வாக்கியம் ஓர் ஊரில் நல்ல அறிவுரை, இன்னோர் ஊரில் வெறும் ஏமாற்று. மாநிலம் முழுமைக்கும் ஒரே புத்தகம் அச்சிடும் நீங்கள் அந்த வாக்கியத்தை எப்படி எழுதுவீர்கள்?

எழுத முடியாது. அதனால்தான் இடம் விடச் சொல்கிறேன். பள்ளிக் கிணற்றில் சோப்பு நுரைக்கிறதா, ஒரு கரண்டித் தண்ணீரை வற்றவிட்டால் வெள்ளையாக எவ்வளவு தங்குகிறது, ஊருணி எப்போது தூர்வாரப்பட்டது, கண்மாய் நிறைந்து வழியும் கலுங்கு கடைசியாகப் பாய்ந்தது எந்த ஆண்டு என்று அந்தந்தப் பிள்ளைகள் எழுதட்டும். கலுங்கு என்று நாங்கள் சொல்வதைச் செங்கல்பட்டில் கலங்கல் என்பார்கள்; எங்கள் கண்மாய் அவர்களுக்கு ஏரி, நெல்லைக்காரர்களுக்குக் குளம். அவரவர் சொல்லில் எழுதட்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. எங்கள் பள்ளிக் கூரையிலிருந்தும் ஒரு குழாய் இறங்குகிறது, தரைக்கு ஓர் அடி மேலேயே நின்றுவிடுகிறது. அதையும் எழுதினார்கள்! ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பதை வைத்து, அந்த ஓர் அடி இடைவெளியில் ஒரு மழைக்கு எத்தனை குடம் வீணாகிறது என்று கணக்கும் போட்டார்கள்.

தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போனபோது, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்தோம். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் சோதனையை அதற்கு முன் எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன். அன்று ஊற்றுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அவர்களுக்கும் விளங்கியது, உண்மையைச் சொன்னால் எனக்கும்.

வெற்றுப் பக்கத்திலிருந்து தேர்வில் எப்படிக் கேள்வி கேட்பது என்று உங்கள் கூட்டத்தில் யாராவது எழுப்புவார்கள். கேட்க வேண்டாம். பூமியிலுள்ள நீரில் 97 விழுக்காடு உப்புநீர் என்பதை வழக்கம்போல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறைந்த கண்மாய்க்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது ஆபத்து என்பது நியாயமான கேள்வி. கரையைத் தாண்டி நான் விடுவதில்லை. கூட இன்னோர் ஆசிரியரும் வருவார். ஆனால் லீவு நாளில் அவர்கள் தனியாகப் போகத்தான் செய்கிறார்கள். முன்பு கண்மாய் படிப்படியாக ஆழமாகும். இப்போது இயந்திரம் வைத்துச் சவுடு மண் அள்ளிய இடத்தில் திடுமென்று குழி; தண்ணீர் நின்றால் மேலிருந்து தெரியாது. பாடத்தில் அச்சிடும் பக்கங்களில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். இது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

எங்கள் மழைக் குறிப்பேட்டின் நகலைத் தனித்தபாலில் அனுப்பியிருக்கிறேன். கார்த்திகை மாதப் பக்கத்தில் ஒருநாள் மட்டும் அளவு இல்லாமல் வெறும் கோடு இருக்கும். அன்று பாட்டில் தண்ணீரை ஓர் ஆட்டுக்குட்டி குடித்துவிட்டது. தோராயமாக ஓர் எண் போட்டுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். பிள்ளைகள் சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை