உங்கள் பெயரில் ஒரு கால் மைல் இருந்தது: அரிமா சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரிமா (லயன்ஸ்) சங்கங்களின் மாவட்ட ஆளுநர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் பைபாஸில் ஒரு பேருந்து நிழற்குடை இருக்கிறது. நெற்றியில் உங்கள் சிங்கமுகச் சின்னம், அதற்குக் கீழே உபயதாரர் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'லயன்', பின்னால் 'எம்.ஜே.எஃப்.' என்ற உங்கள் சங்கப் பட்டம். மழைக்கு ஒதுங்க நல்ல இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அது வேறொன்றுக்குப் பயன்படுகிறது. நிழற்குடைக்கு நேரே தார்ச்சாலையின் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு கிடக்கும். இரண்டு பைக்குகள் கோட்டில் வந்து நிற்கும். ஒரு பையன் நடுவில் நின்று கைக்குட்டையை உயர்த்தி, சட்டென்று கீழே விடுவான். பதினான்கு, பதினைந்து நொடியில் ஆட்டம் முடிந்துவிடும். ஜெயித்தவனுக்கு ஒரு வாரத்துப் பெட்ரோல் காசு.

போன மார்கழியில் அப்படி ஓட்டிய பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், பனியில் குறுக்கே வந்த பால்காரரின் மொபெட்டில் மோதினான். இருவரும் பிழைத்தார்கள். பால்காரருக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறது. அப்புறம் இரண்டு வாரம் போலீஸ் ஜீப் நின்றது. மூன்றாவது வாரம் ஜீப் வரவில்லை, சுண்ணாம்புக் கோடு திரும்ப வந்துவிட்டது.

இதை ஏன் காவல் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், இதே தொல்லைக்கு ஒரு காலத்தில் உங்கள் சங்கத்தார் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் நிறுவனர் மெல்வின் ஜோன்ஸையும், 1925இல் பார்வையற்றோருக்கு உதவச் சொல்லி ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளையும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறீர்கள். வில்மிங்டனை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய பகுதி வில்மிங்டன். 1950களில் அங்கே பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, எஞ்சினை மாற்றி, ராத்திரியில் பொதுச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் பையன்களின் பொழுதுபோக்கு. விபத்து, வழக்கு, பெற்றவர்கள் கண்ணீர் என்று எல்லாம் நம் ஊர் கதைதான். அந்த வட்டாரத்து லயன்ஸ் சங்கங்கள் ஒன்றுகூடி, துறைமுகத் துறையின் நிலத்தில் நேர்கோடாக ஒரு ஓடுதளம் போட்டன. 1955 அக்டோபர் 9 அன்று அது திறந்தது. பெயரே 'லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்'.

டிராக் பந்தயம் என்றால் சுற்றி வருவதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராகப் போவது. ஒரு நேரத்தில் இரண்டே வண்டி. வளைவு கிடையாது, எதிரே வண்டி வராது, கோட்டைத் தாண்டிய பின் வேகம் குறைத்து நிற்கத் தனியாக நீண்ட இடம் உண்டு. நம் பையன்கள் பைபாஸில் ஆடுவது அசல் இந்த ஆட்டம்தான், அந்தப் பாதுகாப்புகள் இல்லாமல்.

முதல் நிர்வாகியாக அவர்கள் வைத்தது மிக்கி தாம்சனை. பகலில் டிராக், ராத்திரியில் செய்தித்தாள் அச்சகத்தில் வேலை என்று ஓடிய மனிதர். பின்னால் 1960இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 400 மைலைத் தாண்டி ஓட்டியவரும் அவரே. அவருக்குப் பின் 1960களின் நடுவில் சி.ஜே. ஹார்ட் வந்தார். 1950இலேயே கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ஒரு விமான ஓடுதளத்தில் ஐம்பது சென்ட் வாங்கிக்கொண்டு பந்தயம் நடத்திய முன்னோடி. கடல் பக்கம், தாழ்ந்த நிலம், குளிர்ந்த கனமான காற்று. எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும், நேரம் குறையும். அதனால் நாடு முழுவதிலுமிருந்து ஓட்டுநர்கள் லயன்ஸைத் தேடி வந்தார்கள்.

1970 மார்ச் 8 அன்று அங்கே நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயர்பெற்ற டிராக் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் ஓட்டிய வண்டியில் கிளம்பும்போதே டிரான்ஸ்மிஷன், அதாவது கியர் பெட்டி, வெடித்தது. அந்தக் காலத்து வண்டியில் எஞ்சின் முன்னால், ஓட்டுநர் அதன் பின்னால், டிரான்ஸ்மிஷன் கிட்டத்தட்ட கால்மாட்டில். வண்டி இரண்டாகப் பிளந்தது, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. மனிதர் ஓட்டுவதை விடவில்லை. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒரு புது வண்டி கட்டினார். 1971இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த பந்தயத்தில் அதை வைத்தே ஜெயித்தார். சில ஆண்டுகளில் டிராக் பந்தயத்தின் உச்சப் பிரிவு முழுக்க அந்த அமைப்புக்கு மாறியது. இந்த விபத்தை மறைத்துவிட்டு உங்களிடம் ஆதரவு கேட்டால் அது நேர்மையாக இருக்காது. ஓடுதளத்திலும் அடிபடுவார்கள். ஆனால் அங்கே குறுக்கே பால்காரர் வரமாட்டார், ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும்.

முடிவும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துக் குடியிருப்புகளின் சத்தப் புகார் ஏறிக்கொண்டே போனது. 1972 டிசம்பர் 2 அன்று கடைசிப் பந்தயம். வேலி கொள்ளாத கூட்டம். இன்று அந்த இடம் கப்பல் கன்டெய்னர்கள் அடுக்கும் பகுதியாகிவிட்டது. சத்தப் புகாரை நான் குறை சொல்லமாட்டேன். சைலன்சர் இல்லாத எஞ்சின் பக்கத்தில் குழந்தையைத் தூங்க வைத்துப் பார்த்தால் தெரியும்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? நிலம் வாங்கித் தார் போடச் சொல்லவில்லை. நம்மிடம் இதற்கு வரலாறும் உண்டு, இடமும் உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் முறையான பந்தயத் தளங்கள் உள்ளன. அவற்றில் மாதம் ஒரு மாலை, நேர்ப்பகுதியை வாடகைக்கு எடுத்து, லைசென்ஸ் உள்ள எந்தப் பையனும் சொந்த பைக்கோடு வந்து ஓட்ட வழி செய்யுங்கள். ஹெல்மெட், பிரேக், டயர், செயின் எல்லாம் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். நுழைவுக் கட்டணம் சினிமா டிக்கெட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பைபாஸே மேல் என்பான்.

விலை உயர்ந்த பைக் உள்ளவன்தானே ஜெயிப்பான் என்று கேட்பீர்கள். அதற்கும் டிராக் பந்தயக்காரர்களிடம் ஒரு முறை இருக்கிறது. 'என் வண்டி இத்தனை நொடியில் ஓடும்' என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். வேகத்தைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றவும் முடியாது, எழுதியதைவிட வேகமாகப் போனால் தோல்வி. அப்பாவின் பழைய நூறு சிசி வண்டியில் வருபவனும் இதில் கெத்தாக ஜெயிக்கலாம்.

இதனால் சாலைப் பந்தயம் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் இன்றும் நடக்கிறது. பத்துப் பையன்களில் நான்கு பேர் உள்ளே வந்தாலே எனக்குப் போதும், பால்காரருக்கும் போதும்.

பெரிய வேலை பேச்சுவார்த்தைதான். காவல் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், தளத்து உரிமையாளர், மருத்துவமனை என ஐந்து பேரை ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். என்னைப் போன்றவன் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார். உங்கள் சங்கத்தில் மருத்துவரும் வழக்கறிஞரும் காப்பீட்டு முகவரும் ஏற்கெனவே ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள்.

ஜூலையில் புதிய ஆளுநர்கள் பொறுப்பேற்கும்போது, சேவைத் திட்டங்களின் பட்டியலில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அதற்கு முன்னால் பையன்களைப் பார்க்க வேண்டுமென்றால், ஞாயிறு காலை ஐந்து மணிக்கு உங்கள் நிழற்குடைக்கு வாருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன். ஜீப்பில் மட்டும் வராதீர்கள், ஓடிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பைபாஸ் ஓரத்து வீட்டுக்காரன் ஒருவன்