பாண் ஓட்டோவில் போன அழைப்பிதழ்கள்

அன்புள்ள ஊராருக்கும் நண்பர்களுக்கும்,

ஒன்றுகூடல் முடிந்து, வாடகைக் கதிரைகளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஏறிவிட்டார்கள். எனக்கு நித்திரை வரவில்லை. நன்றியை இப்போதே எழுதிவிடுகிறேன், ஆறப் போட்டால் ‘அனைவருக்கும் நன்றி’ என்று ஒரு வரியோடு முடிந்துவிடும்.

நாங்கள் மட்டக்களப்பு கல்லடி உப்போடை சிவானந்தா பள்ளிக்கூடத்தில் 1995 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய அணி. முப்பது வருடம் ஆகிவிட்டது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று எங்களில் சிலருக்குக் கைக்குழந்தை. அந்தக் காலங்களிலும் பிறகும் ஒன்பது பேர் எங்களை விட்டுப் போனார்கள். எப்படி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஊருக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

மண்டபம் தந்த அதிபருக்கும், முழங்கால் வலியோடு படியேறி வந்த ஆசிரியர்களுக்கும், காசும் அனுப்பி வாட்ஸ்அப் குழுவில் விடிய விடியச் சண்டையும் பிடித்த லண்டன், டொரன்டோ, சூரிச் நண்பர்களுக்கும், சமையலைப் பொறுப்பெடுத்த தம்பிமாருக்கும், கரண்ட் போகாதிருந்தும் ஜெனரேட்டரோடு காவல் நின்றவருக்கும், வீட்டில் முறுக்குச் சுட்டுக் கொடுத்துவிட்ட எங்கள் வீட்டுக்காரிகளுக்கும் நன்றி. தனித்தனியாக எழுத வேண்டியவர்கள்தான். எழுதினால் இது மடலாக இராது, இடாப்பாகிவிடும்.

இனி நான் எழுத வந்த ஆளைப் பற்றி.

போன ஒன்பது பேரின் வீட்டாரும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். முடிவெடுப்பது சுகம். பழைய விலாசங்களைத் தேடி எடுத்தால் நாவலடி, டச்பார் என்று இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன? சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சனம் பலர் திராய்மடு வீட்டுத்திட்டங்களுக்குப் போய்விட்டார்கள். அங்கே போனால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். எந்தக் குறுக்கு, எந்தப் படலை? தேத்தண்ணிக் கடை வாசலில் கார்ட்டுகளை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஃபோனில் கத்திக்கொண்டு நின்றபோது, பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பாண் விற்கிற ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

“ஆரத் தேடுறீங்க அண்ணன்?”

ஒரு பெயரைச் சொன்னோம்.

“அவர்ர அம்மாவா? சீனி வருத்தக்காரி. பணிஸ் வாங்க மாட்டா, அரை றாத்தல் பாண்தான். முருங்கை நிக்கிற வளவு.”

அடுத்த பெயருக்கும் அதே மாதிரி. இன்னார் கிழமைக்கு இரண்டு நாள் வாங்குவார், இன்னாருக்குக் காது கேளாது, ஓட்டோ வந்தது தெரிய மதிலில் தட்ட வேண்டும். ஒன்பதில் ஐந்து வீட்டை அவர் பாண் விற்கிற கணக்கிலேயே கண்டுபிடித்துத் தந்துவிட்டார். கார்ட்டுகளையும் வாங்கிக்கொண்டார். “நீங்க அஞ்சு பேரா வாசலில போய் நிண்டா அதுகள் பயந்திடுங்கள். நான் காலையில போக்குள்ள குடுக்கிறன். பிறகு நீங்க போங்க.” அது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கார்ட்டை அவர் எப்படிக் கொடுத்தார் என்பதை அவர் சொல்லவில்லை. பிறகு நாங்கள் போனபோது ஒரு அம்மா சொன்னா: “ஒழுங்கைக்குள்ள வரக்குள்ளயே பாட்ட நிப்பாட்டிப் போட்டான் மனே. எனக்கு வாசிக்கத் தெரியா. திண்ணையில இருந்து வாசிச்சுக் காட்டினான். புள்ளைட பேர் வாற இடத்த இன்னொருக்கா வாசி எண்டன், வாசிச்சான். அண்டைக்குப் பாண் வாங்கவும் மறந்துட்டன்.” அந்தக் கார்ட்டைச் சாமித்தட்டிலிருந்து எடுத்துக் காட்டினா. மூலையில் பணிஸ் சீனி ஒட்டியிருந்தது.

பாண் விற்கிறவருக்குக் காலை நேரம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சூடு ஆறினால் ஆரும் வாங்க மாட்டார்கள். ஐந்து திண்ணைகளில் இருந்து வாசித்த அன்றைக்கு அவருக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நட்டத்துக்கென்று கொஞ்சம் காசை நீட்டினோம். “இதுக்குக் காசு வாங்கினா, நாளைக்கு எந்த முகத்தோட அந்த அம்மாமாருக்குப் பாண் விக்கிறது?” என்று கேட்டார். அப்புறம் நாங்கள் வாய் திறக்கவில்லை. அவர் எங்கள் பள்ளிக்கூடமும் இல்லை. எட்டாம் வகுப்போடு சரி என்று அவரே சொன்னார். பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார், போடவில்லை.

ஒன்றுகூடல் அன்றைக்குத் தன் மச்சானின் ஓட்டோவில் அம்மாமாரை ஏற்றி அனுப்பியதும் அவர்தான். வகுப்பாசிரியர் பெயர்ப்பட்டியலை வாசித்தார். அந்த ஒன்பது பெயர் வந்தபோது சேர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நாங்கள் எழும்பி நின்றோம். பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தை நிறுவிய விபுலானந்தர் சமாதியில் மல்லிகை வைத்துக் கும்பிட்டோம். திரும்பி வரும்போது அந்த முருங்கை வளவு அம்மா கேட்டா, “என்ட மகன் எவடத்த இருந்தவன்?” கட்டடமே மாறிவிட்டது. யன்னலை எண்ணி ஒரு இடத்தைக் காட்டினோம். சேலைத் தலைப்பால் அந்த மேசையைத் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதில் இருந்தா. அது புது மேசை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஊரில் இருக்கிற நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு. பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் கட்டாயம் போக வேண்டும், மருந்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதென்றாலும் அவர்தான். இதை எழுதிப் போடுவதே, போகாவிட்டால் நீங்கள் பிடித்துக் கேட்கத்தான்.

கடைசியாக ஒன்று. திராய்மடுப் பக்கம் இருக்கிறவர்கள் காலையில் பாண் ஓட்டோச் சத்தம் கேட்டால் ஒரு றாத்தலாவது வாங்குங்கள். சும்மா காசு கொடுத்தால் அந்த மனுசன் வாங்க மாட்டார். பாணுக்குக் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
சிவானந்தா 1995 உயர்தர அணிக்காக,
கல்லடியில் இருந்து ஒருவன்