மேல்நிலை இசைத் தேர்வில் ‘கேட்டு எழுதும்’ பகுதி சேர்க்க வேண்டி மனு

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை.

பொருள்: 11, 12-ஆம் வகுப்பு இசைப் பாடம் – எழுத்துத் தேர்வில் கேட்டறிந்து விடையளிக்கும் வினாக்கள் சேர்த்தல், இரட்டைப் பாடவேளை ஒதுக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இசை கற்பிக்கும் ஆசிரியர். எங்கள் பாடத்தில் எழுத்துத் தேர்வு தனி, செய்முறைத் தேர்வு தனி. எழுத்துத் தேர்வு தொடங்கி முடியும் வரை அந்தக் கூடத்தில் ஒரு சுரம்கூட ஒலிப்பதில்லை. இசைப் பாடத்துக்கு இப்படியொரு தேர்வு! அந்தத் தாளில் ஒரு பகுதியையாவது காதால் கேட்டு எழுதுவதாக மாற்றித் தர வேண்டுகிறேன்.

ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் (சுரங்கள் ஏறும் வரிசை) ச ரி ம ப த ச. அவரோகணம் (இறங்கும் வரிசை) ச நி த ப ம க ரி ச. தாளில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பாடினால் வேறு வேறு. ஆரபி விறுவிறுவென்று போகும். காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) வந்த வேகத்தில் தொட்டு நகர்ந்துவிடும். தேவகாந்தாரி நிதானமாக, சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வையும், அசைத்துப் பாடும் கமகமுமாக நடக்கும். என் மாணவர்கள் இரண்டு ராகங்களின் லட்சணத்தையும் அச்சுப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். பாடிக்காட்டி ‘இது எது?’ என்று கேட்டால் விழிப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? தேர்வில் எது வருமோ அதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நாங்களும் அதைத்தான் நடத்துகிறோம்.

வேறு மாதிரியும் நடத்தலாம். ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொல்வேன். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையைச் சட்ஜமாக (தொடக்கச் சுரமான ‘ச’) வைத்தால் மோகன ராகம். அடுத்த கட்டையிலிருந்து தொடங்கினால் அதே ஐந்து கட்டைகள் மத்யமாவதி. அதற்கும் அடுத்ததிலிருந்து இந்தோளம். அப்புறம் சுத்த சாவேரி, சுத்த தன்யாசி. தொடக்கச் சுரத்தை மாற்றினால் ராகமே மாறுவதை, கிரக பேதம் என்று புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்குவது இதைத்தான். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஆயர்குலப் பெண்ணான மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே சூட்டுகிறாள். வகுப்பிலும் ஏழு பேரை வட்டமாக நிற்கவைத்து, ஆளுக்கொரு சுரம் கொடுத்து, யாரிடம் தொடங்குவது என்பதை மாற்றி மாற்றிப் பாடவைக்கலாம். கோட்பாடு, பாட்டு, பண்பாடு மூன்றும் ஒரே வகுப்பில் வந்துவிடும். ஆனால் சுருதி சேர்க்கவே நேரம் போய்விடும் ஒற்றைப் பாடவேளையில் இது நடக்காது. வாரத்தில் ஒருமுறையாவது இரண்டு பாடவேளைகள் சேர்ந்தாற்போல் வேண்டும்.

தாளத்திலும் இதே கதைதான். ஏழு தாளம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜாதி (எண்ணிக்கை வகை), ஆக 35 என்று அட்டவணை போடத் தெரிந்தவருக்கு மதிப்பெண் உண்டு. பறையோ தவிலோ அடித்துப் பழகிய மாணவன் ஏழு எண்ணிக்கையைக் கையில் பிசகாமல் வைத்திருப்பான். அதற்கு மிஸ்ரம் என்று பெயர் என்பது மட்டும் தெரிந்திருக்காது. எழுத்துத் தேர்வில் கோட்டை விடுபவனும் அவன்தான். ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டு எண்ணிக்கையைக் கேட்டால் அவன் முதலில் எழுதி முடிப்பான்.

இது புதிய யோசனை ஒன்றும் அல்ல. பத்தாம் வகுப்பு நிலையிலான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ இசைத் தேர்வில் 40 சதவீத மதிப்பெண் கேட்டு விடையளிக்கும் தாளுக்கே போகிறது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைப் பாடமாக எழுதும் ஏ.பி. இசைக் கோட்பாட்டுத் தேர்வில் மெட்டைக் கேட்டுச் சுரக்குறிப்பு எழுத வேண்டும். பார்த்த மாத்திரத்தில் குறிப்பைப் பாடவும் வேண்டும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ராகத்தைக் கண்டுபிடிப்பது, தாளத்தின் எண்ணிக்கையைச் சொல்வது, பாட்டில் பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்கும் இடத்தைக் குறிப்பது, ஒலிக்கும் வாத்தியத்தின் பெயரை எழுதுவது போன்ற எளிய வினாக்களே போதுமானவை.

செலவும் பெரிதாகாது. கூடத்துக்கு ஒரு ஒலிபெருக்கி போதும். ஒலிப்பதிவைக் கடவுச்சொல்லுடன் அனுப்பிவிட்டு, கடவுச்சொல்லை வினாத்தாள் கட்டைப் பிரிக்கும் நேரத்தில் தெரிவித்தால் முன்கூட்டியே வெளியாகும் பயம் இல்லை. ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை ஒலிக்கவிட வேண்டும். முதல் முறை பதற்றத்திலேயே போய்விடும். செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு அந்தப் பகுதிக்கு மட்டும் அச்சிட்ட மாற்று வினாக்கள் தரலாம்.

மாதிரி வினாக்களையும் அவற்றுக்கான ஒலிப்பதிவையும் இம்மனுவுடன் இணைத்துள்ளேன். முதலில் சில பள்ளிகளிலாவது, வரும் கல்வியாண்டின் அரையாண்டுத் தேர்வில் இம்முறையைச் சோதித்துப் பார்க்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இசை ஆசிரியர், மேல்நிலைப் பள்ளி

இணைப்பு: மாதிரி வினாத்தாள், ஒலிப்பதிவு