அந்த விண்டோஸ் 7-ல் பேங்க் வேலை வேண்டாம்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேகர்,

பதில் போட இவ்வளவு நாளா என்று திட்டத்தான் போகிறாய். திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். மூர்த்தி பணம் தருவான் என்று நீ இன்னும் நம்புகிறாய், அதற்கு நான் என்ன செய்ய!

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, கடைக் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7தான், பில்லும் பேங்கும் அதிலேயே ஓடுது என்று. பில் ஓடட்டும். பேங்க்? டேய், மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தி அதைக் கைகழுவியது 2020 ஜனவரி 14-ல். குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 115 இஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பைத் தாண்டி அதில் ஏறாது.

ரூட்டர் இருக்கே, வெளியிலிருந்து எவன் வரப்போகிறான் என்பாய். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது அதிகம் விழுந்தது விண்டோஸ் 7 பெட்டிகள்தான். அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். ஒரே நெட்வொர்க்கில் ஒரு மெஷின் கெட்டால் போதும், விண்டோஸ் ஃபைல் பகிரும் 445-ஆம் போர்ட் வழியாக அடுத்ததற்குத் தாவும். உன் தங்கை மகன் கடை வைஃபையில் ஓசி கேம் இறக்குகிறானா இல்லையா, நீயே சொல்.

அதற்காகத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. பழைய பில்லிங் சாஃப்ட்வேர், எல்பிடி என்ற பழைய பிரின்டர் போர்ட்டில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், இரண்டும் அங்கேதான் நிம்மதியாக இருக்கும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் மூடுவிழா ஆகிவிட்டது. 11-ஐக் குறுக்குவழியில் ஏற்றித்தருகிறேன் என்று மும்பை லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் யாராவது சொன்னால் நம்பாதே. அதன் 24எச்2 பதிப்புக்கு பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசஸரில் இருந்தே ஆகவேண்டும். உன் கோர் 2 டுயோ பிராசஸரில் அது கிடையாது, பூட்டே ஆகாது.

ஆகவே பில்லுக்கு அதே விண்டோஸ் 7, நெட் இல்லாமல்; பேங்குக்கு அதே பெட்டியில் வேறு சிஸ்டம். முதலில் ஹார்டு டிஸ்க். டிஸ்கின் உடல்நிலை காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு, கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 05, சி5 என்ற இரண்டு வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பார். இரண்டும் பூஜ்யம் என்றால் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, பென் டிரைவிலிருந்து குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளை பூட் செய்து அப்படியே நகல் எடு. எது மூலம், எது நகல் என்று கேட்கும் இடத்தில் அளவைப் பார்த்து முடிவு செய்: 160 ஜிபி பழைய டிஸ்க் மூலம், 240 நகல். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உன் கணக்குமேல் ஏறும், திரும்பக் கிடைக்காது. சி5-ல் ஏதாவது எண் இருந்தால் சாதாரண நகல் பாதியில் நிற்கும், கெட்ட டிஸ்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூ வேண்டும். பழைய டிஸ்கை அழிக்காமல் பீரோவில் வை.

பிறகு பேங்குக்குத் தனியாக 120 ஜிபி எஸ்எஸ்டி, அதில் லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலான இலவச சிஸ்டம்; அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான வகை. ஏற்றும்போது விண்டோஸ் எஸ்எஸ்டியின் டேட்டா கேபிளை (சாட்டா)க் கழற்றிவிடு. இல்லாவிட்டால் இன்ஸ்டாலர், ஆன் செய்ததும் சிஸ்டத்தை எழுப்பும் தன் பூட்லோடரை அதில் எழுதிவைக்கும், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் படுக்கும். முடிந்ததும் மாட்டிவிட்டு, ஆன் செய்தவுடன் பூட் மெனுவில் எது வேண்டுமோ தேர்ந்தெடு. போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12 என்று இருக்கும். விண்டோஸ் பக்கம் நெட்வொர்க் அடாப்டரில் ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடு. மின்ட்டில் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஜிஎஸ்டி ஃபைலை விண்டோஸில் சேமித்து, ஹைபர்நேட் இல்லாமல் முழுக்க ஷட் டவுன் செய்தால், மின்ட்டிலிருந்தே அந்த டிரைவைத் திறந்து அப்லோட் செய்யலாம். நடுவில் பென் டிரைவே வேண்டாம்.

கடிகாரம் மட்டும் வம்பு பண்ணும். மின்ட் போர்டின் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரமென்று எடுத்துக்கொள்ளும். காலை பத்து மணி பில்லில் நாலரை அச்சாகும்! மின்ட்டைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்ல டெர்மினலில் ஒரே வரிதான், போனில் சொல்கிறேன். அந்தக் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடு. அது செத்தால் தேதி பல வருஷம் பின்னால் போகும், பேங்க் தளம் சான்றிதழ் செல்லாது என்று கதவைச் சாத்தும்.

ராம் 2 ஜிபி மின்ட்டுக்கு இழுபறி. உன் ஜி31 மதர்போர்டு 4 வரை தாங்கும், டிடிஆர்2 ரக ராமில் 2 ஜிபி இரண்டு போடு. ரொம்ப மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்படு. ஏஎம்டிக்கு மட்டும் என்று ஒரு ரகம் சந்தையில் சுற்றுகிறது, இன்டெல் போர்டில் அது எடுக்காது. அங்கே கிடைக்காவிட்டால் சொல், இங்கே எஸ்.பி. ரோட்டில் தேடி அனுப்புகிறேன். மூடியைத் திறக்கும்போது பிராசஸர் பக்கத்துக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார். உப்பியிருந்தால் எஸ்எஸ்டிக்குச் செலவழிக்காதே, அந்தப் போர்டுக்கு ஆயுசு இல்லை.

இதெல்லாம் ஆகும்வரை பேங்க் வேலையைப் போனில் செய். நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் இன்றைக்கே போனிலிருந்து மாற்று, அந்த பிரவுசரில் சேமித்துத்தான் வைத்திருப்பாய், உன்னைத் தெரியாதா. சி5 வரியைப் படம் பிடித்து அனுப்பு. நான் பார்க்கும்வரை ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காதே.

உன்,
பாலு